திங்கட்கிழமை வராத லாரி: தென்சென்னையில் ஒரு குடும்பக் கட்டட நிறுவனம்

வீட்டுக் கடன் கொடுக்கும் வங்கிக்காகக் கட்டடங்களைப் போய்ப் பார்த்து, 'இவ்வளவு வேலை முடிந்திருக்கிறது, இவ்வளவு பணம் விடலாம்' என்று சான்று எழுதுவது என் பிழைப்பு. அப்படி எழுதிய சான்று ஒன்றில் நான் செய்த தவறும் இந்த ஆய்வில் வருகிறது. ஆகவே கரையில் நின்று வேடிக்கை பார்த்தவன் எழுதியதாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நிறுவனத்தின் பெயரை விட்டுவிடுகிறேன். நங்கநல்லூர், மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை பக்கம் வீடு கட்டியவர்கள் சிலர் ஊகித்துவிடுவார்கள். "ஊகிச்சா ஊகிச்சுட்டுப் போகட்டும் சார், நடந்ததுதானே" என்று அந்த வீட்டு மருமகளே சொல்லிவிட்டார்.

2020 மார்ச்சில், மடிப்பாக்கத்தில் அவர்கள் கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டின் தரைத்தளக் கூரை, காங்கிரீட் போடாமல் சென்ட்ரிங்கும் (காங்கிரீட்டைத் தாங்க அடிக்கும் பலகையும் முட்டும்) கம்பியுமாக மூன்று மாதத்துக்கு மேல் நின்றது. ஏன் என்று யாரைக் கேட்டாலும் "கொரோனா சார்" என்பார்கள். ஊரடங்கு வந்தது செவ்வாய்க்கிழமை. கலந்த காங்கிரீட்டைக் கொண்டுவரும் ரெடிமிக்ஸ் லாரி வராதது திங்கட்கிழமை. அந்த ஒரு நாள் இடைவெளியைத்தான் இங்கே தோண்டிப் பார்க்கிறேன்.

வீட்டில் யார் யார்

பெரியவர் விழுப்புரம் பக்கத்துக்காரர். கொத்தனாராகச் சென்னைக்கு வந்து, மேஸ்திரியாகி, 1991இல் நங்கநல்லூரில் சொந்தமாக ஒப்பந்த வேலை எடுக்க ஆரம்பித்தார். சுவரைத் தூரத்தில் நின்று பார்த்தே "ரெண்டு நூல் சாய்ஞ்சிருக்கு" என்பார். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் இரண்டு நூல், அதாவது கால் அங்குலம்தான் இருக்கும். எஸ்டிமேட் எழுதும் பழக்கம் கிடையாது. சதுர அடிக்கு நாலு கிலோ கம்பி, ஒரு சதுரத்துக்கு (நூறு சதுர அடி) நாற்பது மூட்டை சிமெண்ட் என்று வாய்க்கணக்கு. சின்ன வீடுகளுக்கு அந்தக் கணக்கு பெரிதாகத் தப்புவதில்லை என்பது வேறு விஷயம்.

மூத்த மகன் சிவில் டிப்ளமோ படித்தவர். வீட்டுக்காரர்களிடம் பேசுவது, பிளான் அப்ரூவல், மெட்டீரியல் வாங்குவது எல்லாம் அவர் பொறுப்பு. நிறுவனத்தைப் 'பில்டர்' என்று நாலு பேர் சொல்லும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற ஆசையும் அவருடையது. அவர் மனைவி பி.காம்., தி. நகரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு, இரண்டாவது குழந்தைக்குப் பிறகு மாமனாரின் அலுவலகத்தில் உட்கார்ந்தவர். மகள் கட்டடக்கலை படித்தவர், வேளச்சேரியில் வாழ்க்கைப்பட்டவர். வரைபடம் அத்தனையும் அவர் கையில். இளைய மகன் கனடாவில் இருக்கிறார், இந்தக் கதையில் அவருக்கு வேலையில்லை.

கடைசியாகப் பெரியவரின் மனைவி. ஆட்கள் எல்லாரும் 'அம்மா' என்றுதான் சொல்வார்கள். சனிக்கிழமை சாயங்காலம் கூலி கொடுப்பது அவர். முப்பது வருடமாக அந்த வேலையை வேறு யாரிடமும் விட்டதில்லை. விசிட்டிங் கார்டில் அவர் பெயர் இல்லாததால், முதல் சில வருடங்கள் நான் அவரைக் காபி கொடுப்பவர் என்றே நினைத்திருந்தேன்.

அப்பாவும் மகளும்

இவர்களுடைய பலமும் சண்டையும் ஒரே இடத்தில் இருந்துதான் வருகின்றன. மடிப்பாக்கம் பக்கம் பல இடங்களில் களிமண். மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். கடக்கால் சரியில்லை என்றால் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். பெரியவரின் மண் பரிசோதனை ரொம்பச் சுருக்கமானது: குழி தோண்டி, ஈர மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டுவார். கயிறு மாதிரி நீண்டால் களி, உதிர்ந்தால் மணல். "அப்பா பண்றது தப்பில்ல சார். ஆனா ஆறடிக்குக் கீழ என்ன இருக்குன்னு உள்ளங்கை சொல்லாது" என்பார் மகள்.

துளை போட்டு மண் ஆய்வு செய்ய ஆகும் பணத்தை வீட்டுக்காரர் தலையில் கட்டுவதா என்று பெரியவர் பல வருடம் முரண்டு பிடித்தார். 2014 ஜூன் 28ஆம் தேதி மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு வீடு கட்ட வருகிறவர்களே "சாயில் டெஸ்ட் உண்டா?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். மகள் வாதாடி ஜெயிக்காததை ஊர் பயந்து ஜெயித்துக் கொடுத்தது.

அடுத்த வருடம் டிசம்பர் வெள்ளம். தண்ணீர் வடிந்ததும் மகள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அதுவரை அவர்கள் கட்டிய வீடுகளுக்கெல்லாம் போனார். சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைச் சாலையிலிருந்து அளந்து ஒரு நோட்டில் எழுதினார். பல தெருக்களில் சாலை மேல் சாலை போட்டுப் போட்டு, கட்டும்போது உயரமாக இருந்த வீடு பத்து வருடத்தில் பள்ளமாகியிருந்தது. இவர்கள் கட்டிய ஒரு வீட்டுக்குள்ளேயே தண்ணீர் புகுந்திருந்தது. அந்த வீட்டையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். இன்றைக்கு யார் வீடு கட்ட வந்தாலும் அந்தத் தெருவுக்கான பக்கத்தைத் திறந்து, பிளின்த், அதாவது வீட்டின் தரைமட்ட உயரத்தை அதிலிருந்துதான் முடிவு செய்கிறார்கள். "ஏழு படி ஏறணுமா? எங்கம்மாவுக்கு முட்டி வலி" என்று வீட்டுக்காரர் முனகினால் மகள் சாய்தளம் போட்டுத் தருவார், உயரத்தைக் குறைக்கமாட்டார்.

அவர் பிளான் போடும் விதமும் சொல்லத் தக்கது. கட்டப் போகிறவர்கள் இப்போது குடியிருக்கும் வீட்டுக்கே போய் அடுக்களையில் உட்காருவார். மழைக்காலத்தில் துணி எங்கே காய்கிறது, ஈர மாவு கிரைண்டர் எங்கே இருக்கிறது, சிலிண்டர் எந்த வழியாக வருகிறது, தாத்தா மதியம் எங்கே சாய்கிறார் என்று கேட்பார். சென்னையில் கடற்காற்று மத்தியானத்துக்குமேல் கிழக்கு, தென்கிழக்கிலிருந்து வரும். வாஸ்துப்படி அக்னி மூலையில் அடுப்படி வந்துவிட்டால், வீட்டுக்கே வரவேண்டிய காற்று முதலில் அடுப்பை அணைக்கும். இந்தப் பஞ்சாயத்தை அவர் எப்படித் தீர்க்கிறார் என்பது தனிக் கட்டுரைக்கு ஆகும்.

மூன்று இடம், ஒரு கல்லா

2019 பிப்ரவரியில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தன. மனைப்பரப்பைப் போல் ஒன்றரை மடங்குதான் கட்டலாம் என்றிருந்தது இரண்டு மடங்காயிற்று. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடியில், 3,600க்குப் பதில் 4,800 சதுர அடி. நங்கநல்லூர் போன்ற பகுதியில் இதற்கு என்ன அர்த்தம் என்றால், ஒரு கிரவுண்டில் பழைய தனி வீட்டோடு இருக்கும் பெரியவர்கள் எல்லாரும் திடீரென்று நாலு பிளாட்டுக்குச் சொந்தக்காரர்கள். இடித்துக் கட்டுபவருக்கு இரண்டு, மனைக்காரருக்கு இரண்டு என்று கூட்டு ஒப்பந்தம் பேசுவார்கள்.

மூத்த மகன் இதை விடவில்லை. அதுவரை இவர்கள் பிறர் மனையில் பிறர் பணத்தில் கட்டிக் கொடுப்பவர்கள். முதல்முறையாகச் சொந்தப் பணம் போட்டு நங்கநல்லூரில் கூட்டு ஒப்பந்தம் ஒன்றை எடுத்தார். கூடவே கீழ்க்கட்டளையில் ஒரு மாடி வேலை, மடிப்பாக்கத்தில் ஒரு பள்ளி ஆசிரியைக்கு முழு வீடு.

இங்கே ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். தனி வீடு ஒப்பந்தத்தில் பணம் கட்டம் கட்டமாக வரும்: கடக்கால், பிளின்த், லிண்டல் (கதவு, ஜன்னல் மேல் வரும் உத்திரம்), கூரை, பூச்சு என்று. ஒவ்வொரு கட்டத்துக்கும் பணம் பெரும்பாலும் வேலைக்கு முன்பே வந்துவிடும். அதனால் எந்த நாளில் பார்த்தாலும் ஒப்பந்தக்காரர் கையில் இன்னும் செய்யாத வேலைக்கான காசு இருக்கும். அது லாபம் மாதிரியே தெரியும். என் வேலையில் நான் பார்த்த வரை, சின்ன ஒப்பந்தக்காரர்கள் படுப்பது சிமெண்ட் விலையாலோ ஆள் கிடைக்காததாலோ அல்ல. அந்தக் காசை எடுத்து இன்னொரு வீட்டுக்குக் கடக்கால் போட்டதால்.

பெரிய திட்டங்களுக்கு இதைத் தடுக்கச் சட்டம் உண்டு. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, வாங்குபவர்களிடம் வசூலித்ததில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு, அந்தத் திட்டத்தின் நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே செலவழிக்க வேண்டும். ஆனால் மனை 500 சதுர மீட்டருக்கு மிகாமலோ, வீடுகள் எட்டுக்கு மிகாமலோ இருந்தால் பதிவே தேவையில்லை. ஒரு கிரவுண்டு என்பது ஏறக்குறைய 223 சதுர மீட்டர்தான். சொந்த மனையில் ஒப்பந்தக்காரரை வைத்துக் கட்டும் தனி வீடும் இந்த வலைக்குள் வராது. தகராறு என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், அது எல்லாம் நடந்து முடிந்த பிறகு. ஆகக் கணக்கைப் பிரித்து வை என்று இந்தக் குடும்பத்துக்குச் சொல்ல வெளியே யாரும் இல்லை. உள்ளே, மகன் எடுக்கும் பணத்தை 'எந்த வீட்டுக் காசு?' என்று எந்த அப்பா கேட்பார்?

அந்தத் திங்கட்கிழமை

2020 பிப்ரவரியில் ஆசிரியை தன் சேமிப்பிலிருந்து கூரைக்கான தன் பங்கைக் கட்டினார். மூத்த மகன் அதை நங்கநல்லூருக்குக் கம்பி வாங்கத் திருப்பினார். பிளாட் ஒன்றுக்கு அட்வான்ஸ் தருவதாகச் சொன்னவர் மார்ச் முதல் வாரத்தில் தந்துவிடுவார், உடனே நேர் செய்துவிடலாம் என்பது கணக்கு. அட்வான்ஸ் தள்ளிப்போனது. ரெடிமிக்ஸ்காரருக்கு இரண்டு இடத்துப் பாக்கி ஏற்கெனவே நின்றிருந்தது.

மார்ச் 21, சனிக்கிழமை, நான் மடிப்பாக்கம் போனேன். பலகை அடித்து, கம்பி கட்டி, மின்சாரக் குழாயெல்லாம் பதித்து, எல்லாம் தயார். "நாளைக்கு மக்கள் ஊரடங்கு சார், அதான் திங்கட்கிழமை காங்கிரீட்" என்றார் மூத்த மகன். நான் 'கூரை முடிந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வங்கியிலிருந்து பணம் வர நாலைந்து நாள் ஆகும், அதற்குள் கூரை வந்துவிடும் என்று இந்தத் தொழிலில் பலரும் செய்கிற காரியம். செய்யக் கூடாத காரியம்.

திங்கட்கிழமை காலை ரெடிமிக்ஸ்காரர் பழைய பில்லைக் கட்டினால்தான் லாரி என்று சொல்லிவிட்டார். ஆயிரம் சதுர அடிக் கூரை, ஐந்து அங்குலக் கனம் என்றால் 12 கன மீட்டருக்குள்தான். இரண்டு லாரி. ஒரு முழு வீட்டின் செலவில் அது ஒரு சிறு துண்டு, அந்தத் துண்டு அன்றைக்குக் கையில் இல்லை. "மிக்சர் வெச்சு நாமளே போட்டுடலாம்டா" என்று பெரியவர் ஆள் தேடக் கிளம்பினார். அதற்குள் ஊருக்குப் போக ஜனம் கோயம்பேட்டில் திரண்டுவிட்டது. செவ்வாய் மாலை ஆறு மணிக்கு 144, நள்ளிரவிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு.

அடுத்த வாரம் என் சான்றை நம்பி வங்கி பணத்தை விடுவித்தது. இல்லாத கூரைக்கு ஆசிரியை கணக்கில் வட்டி ஏற ஆரம்பித்தது. ஆகஸ்ட் வரை தவணை கட்ட வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி அவகாசம் தந்தது உண்மைதான், ஆனால் வட்டி நிற்கவில்லை. அவர் குடியிருந்த வாடகை வீட்டுக்கு வாடகையும் நிற்கவில்லை.

பாட்டில்கள்

கம்பி கட்டும் ஒடிசா ஆட்கள் எட்டுப் பேர் கொட்டகையிலேயே மாட்டிக்கொண்டார்கள். மே மாதம் ரயில் கிடைத்துப் போகும் வரை அரிசியும் பருப்பும் வாரக் காசும் அம்மாவிடமிருந்துதான் போயிற்று. எங்கிருந்து காசு என்று மருமகளுக்கே ஆச்சரியம். கேட்டபோது அம்மா அலமாரியைத் திறந்து மூன்று கண்ணாடி ஹார்லிக்ஸ் பாட்டில்களைக் காட்டினார். ஒவ்வொன்றிலும் காகிதம் ஒட்டி இடத்தின் பெயர். அந்தந்த இடத்துக்குக் கூலிக்கென்று கொடுக்கும் காசு அந்தந்தப் பாட்டிலில். கூடவே ஒரு நீள நோட்டு. மகன் எத்தனையோ தடவை "நங்கநல்லூருக்கு ரெண்டு நாளைக்குக் குடும்மா" என்று கேட்டும் கீழ்க்கட்டளை பாட்டிலைத் தொட விட்டதில்லை.

"அது அந்த ஆளுங்க காசு. என்கிட்ட இருக்குது, அவ்ளோதான்" என்றாராம்.

ஜூன் 19 முதல் 30 வரை சென்னையில் மறுபடி முழு முடக்கம். ஜூலையில் வேலை தொடங்கியபோது ஆள் இல்லாமல் மற்ற இடங்கள் காய்ந்தன. அம்மா விழுப்புரம் பக்கம் பழைய ஆட்கள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டார். இ-பாஸ் வாங்கி வந்து சேர்ந்தார்கள். பாக்கி வைக்காதவர் கூப்பிட்டால் வருவார்கள்.

கூரைக்கு இன்னொரு சண்டை காத்திருந்தது. கம்பி பழுப்பேறிக் கிடந்தது, பலகை உப்பியிருந்தது, சவுக்குக் கம்பங்கள் சில மழையில் மண்ணுக்குள் இறங்கியிருந்தன. "தேச்சா போவுது. எத்தினி துரு பாத்திருக்கேன்" என்றார் பெரியவர். எல்லாவற்றையும் பிரித்துப் புதுசாகக் கட்ட வேண்டும் என்றார் மகள். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வந்து, நாலைந்து இடத்தில் 8 மி.மீ. கம்பியை ஒரு மீட்டர் வெட்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தராசில் வைத்தார். மீட்டருக்கு 395 கிராம் இருக்க வேண்டும். நடுவில் எடுத்தவை ஏறக்குறைய அப்படியே நின்றன, தண்ணீர் தேங்கிய ஓரத்துக் கம்பிகளில் குழி விழுந்திருந்தது. தீர்ப்பு: ஓரத்தை மாற்று, மற்றதைத் தேய், சென்ட்ரிங் முழுவதையும் பிரித்து மட்டம் பார்த்துத் திரும்ப அடி. அப்பாவுக்குப் பாதி, மகளுக்குப் பாதி. ஹால் அகலம் 15 அடிக்கு மேல் என்பதால், காங்கிரீட் போட்ட பிறகு 14 நாள் முட்டு எடுக்காமல் வைத்தார்கள். அதில் இருவருக்கும் சண்டையில்லை.

கணக்கு முடிக்கும்போது, அந்த மாதங்களின் வட்டியையும் வாடகையையும் ஆசிரியையின் கடைசிப் பில்லில் கழித்து எழுதினார் மருமகள். மூத்த மகன் கொதித்துவிட்டார். "ஊரடங்குக்கு நாம எப்படிப் பொறுப்பு?"

"ஊரடங்குக்கு இல்லீங்க. திங்கட்கிழமைக்கு."

நானும் வங்கிக்குத் திருத்திய அறிக்கை கொடுத்தேன். ஆறு மாதம் என்னைப் பட்டியலிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். நியாயம்தான்.

ஒரு வீடு, ஒரு கணக்கு

அந்த ஆவணி மாதத்தில் குடும்பத்தில் எடுத்த முடிவு இது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனி வங்கிக் கணக்கு. செக்கில் இரண்டு கையெழுத்து: மருமகள், மாமியார். மகன் கையெழுத்து கிடையாது, பெரியவர் கையெழுத்தும் கிடையாது. மாதா மாதம் ஸ்டேட்மெண்ட் நகல் வீட்டுக்காரருக்குப் போகும். ஒரு கட்டம் முடிந்து, மேலே ஏறிப் பார்த்து, வீட்டுக்காரர் ஒப்புக்கொண்ட பிறகுதான் அந்தக் கட்டத்துக்கான லாபம் நிறுவனக் கணக்குக்கு மாறும். ஒரே நேரத்தில் மூன்று இடத்துக்கு மேல் எடுப்பதில்லை. மாமியாரும் மருமகளும் சேர்ந்து ஒரு பூட்டுப் போட்டார்கள் என்று மூத்த மகன் இன்றும் கேலியாகச் சொல்வார், கேலியில் கொஞ்சம் புண்ணும் இருக்கும்.

"அத்தையோட பாட்டிலைத்தான் சார் நான் பேங்க்ல வெச்சேன்" என்கிறார் மருமகள்.

நடைமுறையில் இது அவ்வளவு வழுக்கிக்கொண்டு போகவில்லை. சப்ளையர்களுக்கு இடம் வாரியாகத் தனி பில் போடச் சொல்லி வாங்குவதற்குள் ஒரு வருடம் போயிற்று. மடிப்பாக்கத்தில் மிஞ்சிய அரை லோடு எம் சாண்டைக் கீழ்க்கட்டளைக்கு எடுத்துப் போனால் அது யார் காசு? "மணலுக்குக் கூடவா மாமியார் மருமக கையெழுத்து?" என்று பெரியவர் தலையில் அடித்துக்கொண்டார். சீட்டுப் புத்தகம் ஒன்று போட்டிருக்கிறார்கள். மணல், ஜல்லி, செங்கல், கம்பி வரை எழுதுகிறார்கள். ஆணியும் கட்டுக்கம்பியும் எழுதுவதில்லை, நானும் கேட்பதில்லை.

நங்கநல்லூர் கூட்டு ஒப்பந்தத்தில் தங்கள் பங்கில் ஒரு பிளாட்டை நினைத்த விலைக்குக் கீழே மனைக்காரரின் உறவினருக்கே விற்றார்கள். இன்னொன்று வாடகையில் இருக்கிறது. அதில் பட்ட அடி ஆறிவிட்டதா என்றால், ஆறிக்கொண்டிருக்கிறது. 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்த பிறகு, 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு அப்ரூவல் சீக்கிரம் கிடைக்கிறது. அலைச்சல் குறைந்த மூத்த மகன் மறுபடி கூட்டு ஒப்பந்தம் பற்றிப் பேச ஆரம்பித்திருக்கிறார். தனிக் கணக்கில், வீட்டுக்காரர்கள் காசைத் தொடாமல் என்றால் சரி என்கிறார் மருமகள். அதற்கு முதல் வேண்டும், முதலுக்கு என்ன வழி என்பதில் பேச்சு நின்றிருக்கிறது.

என் கண்ணில் இன்னும் உறுத்துவது மகளின் இடம். வரைபடத்துக்கென்று அவருக்கு 2022 வரை ஒரு பைசா தனியாகக் கொடுத்ததில்லை. 'வீட்டுப் பொண்ணுக்கு எதுக்கு ஃபீஸ்' என்று நினைத்தார்களா, யாரும் யோசிக்கவே இல்லையா, தெரியாது. விளைவு என்னவென்றால், ஒப்பந்தத்தில் 'பிளான் இலவசம்' என்று இருந்ததால் வீட்டுக்காரர்களும் அதை இலவசப் பொருளாகவே நடத்தினார்கள். "பிளான்தானே மேடம், மாத்திக் குடுங்க" என்று பிளின்த் போட்ட பிறகு வந்து நிற்பார்கள். இப்போது தனி வரியாகக் கட்டணம் போட்டிருக்கிறார்கள், மூன்று திருத்தம் வரை. அந்தத் தொகை இந்தச் சென்னையில் இப்படிப்பட்ட வேலைக்குக் குறைவு என்பது என் அபிப்பிராயம், அவரிடமும் சொல்லியிருக்கிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது ஆசிரியையின் தெருவில் மறுபடி தண்ணீர் நின்றது. மூன்றாவது படி நனைந்தது, நாலாவது நனையவில்லை. மகளின் நோட்டில் அந்தத் தெருவுக்கு இரண்டாவது கோடு ஏறியிருக்கிறது.

போன மாதம் புழுதிவாக்கத்தில் இவர்களுடைய வேறொரு வீட்டுக்குக் கூரைச் சான்றுக்காகப் போனேன். கீழே நின்று பார்த்து எழுதும் பழக்கத்தை விட்டு வருடக்கணக்காகிறது. மூங்கில் ஏணியில் மூச்சு வாங்க ஏறினால், பெரியவர் எனக்கு முன்பே மேலே, பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்திய காங்கிரீட் மேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

"நல்லா மிதிச்சுப் பாருங்க சார்," என்றார். "பலகை இல்ல."